66.5% பர்பன்: எரிப்பு எது, மரத்தின் வயது எது, நாக்கில் பிரிப்பது எப்படி?

ஓசூர்த் தோப்பு:

வணக்கம். கையில் இருப்பது எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப் என்ற அமெரிக்கப் பர்பன் விஸ்கி, சி923 தொகுதி. பேரல் புரூஃப் என்றால் தண்ணீர் கலந்து இறக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது. லேபிளில் 13 வருடம் 7 மாதம், 133 புரூஃப், 66.5% என்று இருக்கிறது. அடுத்த மாதம் ஓசூரில் நாலு பேர் உட்கார்ந்து சுவைக்கிறோம். அதற்குள் ஒழுங்கான குறிப்பு ஒன்று எழுத வேண்டும்.

எங்கே தடுக்குகிறது என்றால், ராவாக ஒரு வாய் வைத்ததும் எரிப்பு மட்டும்தான் வருகிறது. பதிமூன்று வருடம் மரத்தில் கிடந்ததற்கான அடையாளம் எது, வெறும் ஆல்கஹாலின் சூடு எது என்று பிரிக்கத் தெரியவில்லை. தண்ணீர் விடலாமா, எத்தனை மி.லி., எந்தத் தண்ணீர்? நம் ஊர் பாட்டிலில் 75 புரூஃப் என்று போடுகிறார்களே, அதோடு இந்த 133ஐ எப்படிப் பொருத்துவது? பக்கத்தில் வைத்து ஒப்பிட வைல்ட் டர்க்கி 101 என்ற இன்னொரு பர்பன் இருக்கிறது. அது போதுமா? ஆங்கில விமர்சனங்களில் செர்ரி, தோல், புகையிலை என்று பட்டியல் போடுகிறார்கள். அதையே பார்த்து எழுத விருப்பமில்லை. விவரம் தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்க.

கே.ஆர்.பி. அணை:

தம்பி, புரூஃப் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் புரூஃப் என்றால் சதவீதத்தில் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நம் பாட்டிலில் 42.8%க்குப் பக்கத்தில் 75 டிகிரி புரூஃப் என்று போடுவது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் 57.15%தான் 100. சதவீதத்தை 1.75ஆல் பெருக்கினால் வந்துவிடும். அந்தக் கணக்கில் உங்கள் பாட்டில் 116. ஆகவே 133ஐ 75ஓடு வைத்துப் பார்க்காதீங்க, 66.5ஐ 42.8ஓடு வையுங்க. 20 மி.லி. ஊற்றினால் சுத்த ஆல்கஹால் 13.3 மி.லி., அதாவது வழக்கமான சரக்கில் 31 மி.லி.க்குச் சமம். ஒரு உட்காரலுக்கு இரண்டு ஊற்றுக்கு மேல் போனால் குறிப்பு எழுதும் நாக்கு வேலை செய்யாது.

அந்த 66.5 என்ற எண்ணே ஒரு தகவல். பர்பனைப் பீப்பாயில் அடைக்கும்போது 62.5%க்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். உள்ளே போனது அதிகபட்சம் 62.5, வெளியே வந்தது 66.5. கென்டக்கியில் பல அடுக்குக் கிடங்குகளின் மேல்தளத்தில் வெயில் காலத்தில் நல்ல சூடு இருக்கும், காற்றும் வறண்டிருக்கும். அந்த நிலையில் மரத்தின் வழியாக ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறும். அளவு குறையும், வீரியம் ஏறும். ஸ்காட்லாந்தின் ஈரக் குளிரில் இதற்கு நேர்மாறு, வருடா வருடம் வீரியம் இறங்கும். எனவே 62.5ஐத் தாண்டிய எந்தப் பர்பனைப் பார்த்தாலும், அது சூட்டில் கிடந்து மரத்தோடு நன்றாக உறவாடியது என்று குடிக்கும் முன்பே எதிர்பார்க்கலாம்.

இனி எரிப்பு. மிளகாய் உறைப்பைச் சொல்லும் அதே நரம்பு முனையைத்தான் ஆல்கஹாலும் தட்டுகிறது. சாதாரணமாக அது 43 டிகிரிச் சூட்டில் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரிக்குப் பக்கத்திலேயே விழித்துக்கொள்ளும். நம் வாயின் சொந்தச் சூடு அதற்கு மேல்தான் இருக்கிறது. அதனால் தன் சூட்டையே வாய் நெருப்பாக உணர்கிறது. இது பாட்டிலின் குற்றமில்லை, மரத்தின் வயதும் இல்லை. முதல் வாயில் இதைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதனால் முதல் வாயை வைத்து ஒரு வரிகூட எழுதாதீங்க.

செய்முறை: வாய் குறுகிய துலிப் கிளாஸ் அல்லது கிளென்கேர்ன். இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ். எவர்சில்வர் டம்ளரும் அகன்ற விஸ்கி கிளாஸும் வேண்டாம், மணம் நிற்காமல் பறந்துவிடும். 20 மி.லி. ஊற்றி 15 நிமிடம் சும்மா வையுங்க. 66% சரக்கில் மேலே முதலில் எழுவது நெயில் பாலிஷ் மாதிரிக் குத்தும் ஆவி. அது அடங்கினால்தான் அடியில் இருப்பது வரும். மூக்கைக் கிளாஸுக்குள் விடக் கூடாது. தாடை மட்டத்தில் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்தபடி மெதுவாக மேலே கொண்டுவாங்க. குத்தத் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்க. உங்களுக்கான உயரம் அதுதான்.

முதல் வாய் 2 மி.லி., நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்க அல்லது துப்புங்க. ஒரு நிமிடம் இடைவெளி. இரண்டாவது வாயும் அதே அளவு, 5 நொடி வைத்திருங்க. மூன்றாவது வாயில் பேனாவை எடுங்க.

அறைச் சூடு 20 முதல் 24 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஓசூரில் மாலை நேரமே போதும். தர்மபுரிப் பக்கம் சித்திரை வெயிலில் நடுப்பகலில் சுவைத்தால் ஆவி மட்டும்தான் மூக்கில் ஏறும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு, குளிர்ந்தால் மணம் மடங்கிவிடும். ஊற்றிய கிளாஸின் அடியை மண்பானைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் சரியாக இறங்கும்.

பென்னாகரம் மேட்டுநிலம்:

தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பாதி விமர்சனம் கெடுவது இங்கேதான். போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் பக்கத்துப் போரில் உப்பும் சுண்ணாம்பும் கனம். ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கனத்த தண்ணீர் கலந்தால் பர்பனின் இனிப்பு தட்டையாகி, கடைசியில் சுண்ணாம்பு தடவிய மாதிரி நிற்கும். அது மரத்தின் துவர்ப்பு என்று எழுதிவிடுவீங்க. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் இருந்தால் அகலமான பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் முழுசாகப் போகும் என்று நம்ப முடியாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதும், அல்லது சீல் உடைக்காத கேன் தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எக்காரணம் கொண்டும் வேண்டாம், அது குடிப்பதற்காகத் தயாரித்தது இல்லை.

அளவுக்கு மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்க. 66.5%இல் 20 மி.லி. எடுத்தால் கணக்கு இது: 2.3 மி.லி. தண்ணீருக்கு 60%, மொத்தம் 4.4 மி.லி. போனால் 55%, 6.9 மி.லி.யில் 50%, 8.6 மி.லி.யில் 47%. சாதாரணப் பெருக்கல் வகுத்தலில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது மொத்த அளவு சுருங்கும், அதற்கும் சேர்த்துச் சொன்ன எண்கள் இவை. இதெல்லாம் கிளாஸில் இன்னும் வாய் வைக்காத 20 மி.லி.க்கு. பாதி குடித்துவிட்டு அதே அளவு விட்டால் எங்கேயோ போய்விடும். படிப்படியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கிளாஸில் தனித்தனியாக 10 மி.லி. ஊற்றி, தண்ணீரையும் பாதியாக்குங்க.

ஒவ்வொரு முறை விட்டபின்னும் மெல்லச் சுழற்றி 3 நிமிடம் பொறுக்கணும். விட்ட உடனே மணம் கலங்கி இருக்கும். ஐஸ் கட்டி வேண்டாம், எவ்வளவு கரைந்தது என்று கணக்கு நிற்காது.

ஓசூர்த் தோப்பு:

ரொம்ப நன்றிங்க. 55%இல் எரிப்பு பாதிக்குமேல் இறங்கிவிட்டது. ஆனால் விழுங்கினபின் கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது, ஈறு காய்கிறது. 47% வரை போனாலும் அது குறையவில்லை, இன்னும் தெளிவாகத்தான் தெரிகிறது. இதைக் கசப்பு என்று எழுதுவதா? மணத்தில் வெல்லம், கொஞ்சம் கிராம்பு, ஏதோ பழைய மரப்பெட்டி. இதற்கு மேல் போக முடியவில்லை.

பாலக்கோடு புளியந்தோப்பு:

நீங்கள் தேடிய விடை அந்த இழுப்பில்தான் இருக்கிறது தம்பி. தண்ணீர் விட்டால் இறங்குவது ஆல்கஹாலின் எரிப்பு. தண்ணீர் விட்டும் நிற்பது மரம். அதன் பெயர் கசப்பு இல்லை, துவர்ப்பு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் டிரை, பிட்டர், ஓக்கி என்று மூன்று சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்புகிறார்கள். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக வைத்த மொழி நம்முடையது, அதைத் தைரியமாகப் பயன்படுத்துங்க. நாவல்பழம், இளம் கொட்டைப்பாக்கு, மாதுளைத் தோல், கடுக்காய் என்று ஏறுமுகமாக நாலு படி வைத்துக்கொண்டால், மரத்தின் அளவை எந்த மதிப்பெண்ணைவிடவும் துல்லியமாகச் சொல்லிவிடலாம். நாவல்பழ அளவு வரை பழைய பர்பனுக்கு அழகு. கடுக்காய்க்குப் போய், கூடவே வேப்பங்கொழுந்து மாதிரி உண்மையான கசப்பும் நாக்கின் அடியில் வந்தால் மரம் மிஞ்சிவிட்டது என்று எழுதலாம்.

ஏன் இப்படி என்றால், பர்பன் போவது புதிதாகச் செய்து உள்பக்கம் கரியாகச் சுட்ட ஓக் பீப்பாயில். முன்பு பயன்படுத்திய பீப்பாய்க்கு அனுமதி இல்லை. ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளளவு. சுட்ட மரத்தில் லிக்னின் உடைந்து வனிலின் தரும், அதுதான் வனிலா மணம். மரத்துச் சர்க்கரைகள் கருகிப் பாகு மணம் தரும். ஓக்கிலேயே உள்ள லாக்டோன் கொப்பரைத் தேங்காயை நினைவூட்டும். யூஜினால் என்பது கிராம்பில் இருக்கும் அதே பொருள், நீங்கள் பிடித்த கிராம்பு சரிதான். டானின்தான் துவர்ப்பு. முதல் சில வருடங்களில் இனிப்பும் வனிலாவும் முந்திக்கொண்டு வரும். பத்தைத் தாண்டினால், கிடங்கின் சூட்டைப் பொறுத்து, துவர்ப்பும் பழைய மரமும் முன்னுக்கு வரும். நல்ல பழைய பர்பனில் இனிப்பும் துவர்ப்பும் ஒரே நேரத்தில் வாயில் நிற்கும், நம் ஊர்ப் பழம்புளியில் புளிப்பும் இனிப்பும் நிற்கிற மாதிரி.

மணத்துக்குச் சொல் வேண்டுமென்றால் சமையலறைக்குப் போங்க. கேரமல் என்று எழுதுவதற்குப் பதில், அது இளம் வெல்லப்பாகா, முறுகிய பாகா, கருப்பட்டியா என்று பாருங்க. மூன்றும் மூன்று வயது. பர்பனில் குறைந்தது 51% மக்காச்சோளம். இளசாக இருந்தால் வேகவைத்த சோளக்கதிர் மணம் மேலே நிற்கும், உங்கள் பாட்டிலில் அது தேடினாலும் கிடைக்காது. மாங்கூழ் ஆலைப் பக்கம் ஆனி மாதத்தில் வருகிற, கனிந்து தளர்ந்த மாம்பழ மணம் பல சரக்கில் உண்டு, அது நொதிப்பில் வருவது. மிளகும் சோம்பும் பெரும்பாலும் ரை தானியத்தின் பங்கு. செருப்புத் தைக்கும் இடத்துத் தோல் மணம், தச்சுப் பட்டறை இழைப்புத் தூள், பழைய பீரோ, இவை வயதின் பக்கம். மூக்கில் ஏதோ தெரிகிறது, பெயர் வரவில்லை என்றால் கிராம்பு, வெல்லம், கொப்பரை, மிளகு, வறுத்த நிலக்கடலை ஐந்தையும் சின்னக் கிண்ணங்களில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்க. இரண்டே உட்காரலில் பெயர் வரத் தொடங்கும்.

இன்னொன்று, வைல்ட் டர்க்கி 101 நல்ல சரக்கு, ஆனால் இந்தக் கேள்விக்கு அது சரியான ஜோடி இல்லை. ஆலை வேறு, தானிய விகிதம் வேறு, அவர்கள் பீப்பாயில் அடைக்கும் வீரியமும் குறைவு, 57.5%. வித்தியாசம் தெரிந்தால் அது வயதாலா விகிதத்தாலா என்று சொல்ல முடியாது. உங்கள் பாட்டில் வந்த அதே ஹெவன் ஹில் ஆலையின் எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச் கிடைத்தால் வாங்குங்க. 78 சோளம், 10 ரை, 12 மால்ட் பார்லி, இரண்டுக்கும் ஒரே விகிதம். அது 47%. லேபிளில் இருந்த 12 வருடம் என்ற குறிப்பை 2016இல் எடுத்துவிட்டார்கள், இப்போது அதைவிட இளையதும் கலந்து வருகிறது. மேலே சொன்ன 8.6 மி.லி. கணக்கில் உங்கள் சி923ஐயும் 47%க்கு இறக்கி, இரண்டு கிளாஸுக்கும் அடியில் எண் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்க. வீரியம் சமம், தானியம் சமம். மிஞ்சி நிற்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு பீப்பாயும் வயதும்தான். குறிப்பின் மையம் அதுவாக இருக்கட்டும்.

குந்தாரப்பள்ளி சந்தை:

புளியந்தோப்பு அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 47%க்கு இறக்கிப் பார்ப்பது ஆராய்ச்சிக்கு. மதிப்பெண் போடுவது பாட்டிலில் வந்த வீரியத்தில்தான் இருக்க வேண்டும். பேரல் புரூஃப் என்று காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த அடர்த்திதான் பொருள். ராவாகக் குடிக்கவே முடியாமல், தண்ணீர் விட்டால் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் அதுவும் ஒரு குறைதான், எழுதணும்.

நாலு பேர் உட்காரும்போது கவனிக்க: ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, மல்லிகைப்பூ எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. கிளாஸைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி அப்படியே கவிழ்த்தால் எலுமிச்சை மணம் அடியில் தங்கும், சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசுங்க. பீரோவில் பாச்சை உருண்டையோடு இருந்த கிளாஸ் என்றால் ஒதுக்கிவிடுங்க. சைட் டிஷ்ஷாக நிப்பட்டு, மிக்சர், ஊறுகாய் வேண்டாம், காரம் ஏறிய நாக்கில் எல்லாமே எரிப்புதான். உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும். மூக்கு களைத்தால் தன் முழங்கையை முகர்ந்தால் மறுபடி சரியாகும். பேசிக்கொண்டே எழுதினால் முதலில் வாய் திறந்தவர் சொன்னதுதான் நாலு தாளிலும் வரும், எழுதி முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது. துப்புவதற்கு ஆளுக்கொரு கிண்ணம் வையுங்க. வண்டி எடுப்பவர் கலந்துகொள்ளவே வேண்டாம். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.தான் சட்ட வரம்பு, இந்த வீரியத்தில் ஒரே ஊற்று அதன் பக்கத்தில் கொண்டுபோய்விடும்.

கே.ஆர்.பி. அணை:

சந்தை சொல்வது நியாயம். அப்படியென்றால் குறிப்பில் இரண்டு வரியாகப் பிரிக்கலாம்: பாட்டில் வீரியத்தில் இவ்வளவு, தண்ணீர் விட்டு இந்தச் சதவீதத்தில் இவ்வளவு. எந்த வீரியத்தில் என்று எழுதாத மதிப்பெண் யாருக்கும் உதவாது. தொகுதி எண்ணும் கட்டாயம். இதன் தொகுதிகள் வருடத்துக்கு மூன்று: முதல் எழுத்து அந்த வருடத்தில் எத்தனையாவது, அடுத்த எண் மாதம், கடைசி இரண்டும் வருடம். உங்களுடையது 2023 செப்டம்பர். அடுத்து வந்த ஏ124 பத்து வருடம் 9 மாதம், 59.5%. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. வயதாக எழுதியிருப்பது கலந்ததிலேயே இளைய பீப்பாயின் வயது என்பதையும் குறிப்பில் சேருங்க.

நீட்சியை, அதாவது விழுங்கியபின் சுவை நிற்கும் நேரத்தை, நொடியில் அளக்கலாம். விழுங்கியதும் போனில் ஓடவிட்டு, சூடு எப்போது அடங்குகிறது, இனிப்பு எப்போது போகிறது, துவர்ப்பு எப்போது போகிறது என்று மூன்று எண் எழுதுங்க.

புதிதாகத் திறந்த பாட்டிலின் முதல் ஊற்றை வைத்து முடிவு சொல்லாதீங்க. ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்க, பெரும்பாலும் முனை மழுங்கி இருக்கும்.

ஓசூர்த் தோப்பு:

ஸ்மால் பேட்ச் தேடுகிறேன். கடைசியாக இரண்டு. அடியில் கறுப்பாகத் துகள் இருக்கிறது, தண்ணீர் விட்டதும் லேசாக மங்குகிறது. கெட்டுவிட்டதா? மீதியை எப்படி வைப்பது?

பென்னாகரம் மேட்டுநிலம்:

இரண்டும் கெடுதல் இல்லை. துகள் பீப்பாயின் கரி, பேரல் புரூஃப் சரக்கை அதிகம் வடிகட்டாமல் அடைப்பதால் வருவது. தொந்தரவாக இருந்தால் காபி வடிதாளில் வடிக்கலாம். மங்குவது மரத்திலிருந்தும் தானியத்திலிருந்தும் வந்த கொழுப்பு எஸ்டர்கள், வீரியம் 46%க்குக் கீழே இறங்கினாலோ குளிர்ந்தாலோ கரையாமல் மிதக்கும். அதைக் குளிரவைத்து வடிகட்டி எடுத்துவிட்டால் வாயில் உள்ள கனமும் கொஞ்சம் போய்விடும்.

பாட்டிலை நிற்கவைத்தே வையுங்க. ஒயின் மாதிரிப் படுக்க வைத்தால் 66% ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். தகர ஷீட் போட்ட மாடி அறை வேண்டாம், தரைத்தளத்து அலமாரியின் அடித்தட்டில், வெயில் படாத இடம். பாதிக்குக் கீழே போனபின் உள்ளே காற்று அதிகம், அப்போது நன்றாகக் கழுவிக் காயவைத்த 180 மி.லி. கண்ணாடிக் குவார்ட்டர் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மாற்றுங்க. பழைய சரக்கின் மணம் கழுவியும் போகாத பாட்டிலை எடுக்காதீங்க. பிளாஸ்டிக் கூடவே கூடாது. கார்க் உடைந்தால் பயப்பட வேண்டாம், வடித்து வேறு மூடி போடலாம்.

வெளிநாட்டிலிருந்து இன்னொரு பாட்டில் சொல்லியிருந்தால் இதையும் பாருங்க: விமானத்தில் 70%க்கு மேல் வீரியம் உள்ள மதுவைக் கொண்டுவரவே முடியாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. அந்த வீரியத்தை அமெரிக்காவில் ஹேஸ்மட், அதாவது அபாயப் பொருள், என்றே கூப்பிடுகிறார்கள். இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லை. பெங்களூரில் இறங்கி அத்திப்பள்ளி தாண்டுவதற்கு முன் தமிழ்நாட்டு விதி என்ன என்று மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்க, ரசீதைக் கையிலேயே வையுங்க.